பழைய லென்ஸ், மிரர்லெஸ் கேமரா, நடுவில் ஃபோகல் ரெடியூசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கேமராவோடு நின்றால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "என்ன லென்ஸ் அண்ணா இது, பழசா இருக்கே?" என்று கேட்பார். பேச்சு அரை மணி நேரம் ஓடும். அடுத்த வாரம் வேறொருவர் வருவார், அதே கேள்விகள்தான். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் கடலூர்க்காரன், கல்யாணப் படம் எடுப்பது தொழில். கையில் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் சின்ன அளவு சென்சார் (பிலிமுக்குப் பதிலாகப் பிம்பத்தைப் பிடிக்கும் தகடு) கொண்ட ஒரு மிரர்லெஸ் கேமராவும், கடலூர் ஓ.டி. எனும் பழைய நகரத்தில் பெரியப்பா நடத்திய ஸ்டூடியோவில் இருந்து வந்த சில லென்ஸ்களும்.

ஃபோகல் ரெடியூசர் என்றால் என்ன? சாதாரண அடாப்டரும் அதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. சாதாரண அடாப்டர் உள்ளே ஒன்றும் இல்லாத உலோகக் குழாய். லென்ஸைச் சரியான தூரத்தில் தாங்கிப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. ரெடியூசருக்குள் கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் அனுப்பும் பிம்பத்தை அது சுருக்கி சென்சார் மேல் விழ வைக்கிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துத் தாளைக் கருக்கியிருப்பீர்கள். வட்டம் சுருங்கச் சுருங்க வெளிச்சம் கூடும் அல்லவா? இங்கே நடப்பதும் அதுதான்.

ஏன் சுருக்க வேண்டும் என்றால், பழைய லென்ஸ்கள் 36×24 மி.மீ. பிலிமை நிரப்புவதற்காகச் செய்யப்பட்டவை. ஏபிஎஸ்-சி சென்சாரின் அளவு ஏறக்குறைய 23.5×15.6 மி.மீ. தான். வெறும் அடாப்டரில் மாட்டினால் பிம்பத்தின் நடுப்பகுதி மட்டும் சென்சாரில் விழும், ஓரங்கள் வெளியே வீணாகப் போகும். ரெடியூசர் அந்த ஓரங்களையும் உள்ளே இழுத்துக் கொடுக்கிறது. வெளிச்சம் கூடுவது நல்லதுதான். ஆனால் நான் இதை வாங்கியது ஓரங்களுக்காக. ஒரு பழைய லென்ஸின் குணம் பெரும்பாலும் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது.

என் 50 மி.மீ. லென்ஸ் எத்தனை மி.மீ. ஆகும்?

இந்த மி.மீ. என்பது லென்ஸின் ஃபோகல் லெங்க்த்; எண் குறைந்தால் காட்சி அகலும். பெருக்கிப் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் ரெடியூசர் 0.71 மடங்கு. 50 மி.மீ. லென்ஸ் 35.5 மி.மீ. ஆகும். அதை ஏபிஎஸ்-சி கேமராவின் 1.5 கிராப்போடு (சின்ன சென்சார் காட்சியை வெட்டும் அளவு) சேர்த்தால் 53 மி.மீ. காட்சிக் கோணம் வருகிறது. அதாவது பிலிம் கேமராவில் பெரியப்பா எதைப் பார்த்தாரோ, கிட்டத்தட்ட அதையே நாமும் பார்க்கிறோம். வெறும் அடாப்டரில் அதே லென்ஸ் 75 மி.மீ. போலப் பார்க்கும், சின்ன அறைக்குள் முதுகு சுவரில் இடிக்கும்.

எஃப் எண் லென்ஸின் துவார அளவைச் சொல்வது; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். 28 மி.மீ. எஃப்2.8 லென்ஸ் 20 மி.மீ. எஃப்2 ஆகும். 135 மி.மீ. எஃப்2.8 லென்ஸ் 96 மி.மீ. எஃப்2 ஆகும். இன்னும் சின்ன சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் கிராப் 2 மடங்கு என்பதால் 50 மி.மீ. லென்ஸ் 0.71 ரெடியூசரில் 71 மி.மீ. போலப் பார்க்கும். அந்த கேமராக்களுக்கு 0.64 மடங்கு ரெடியூசரும் உண்டு, அதில் 64 மி.மீ.

வெளிச்சம் கூடும் என்பது உண்மையா, விளம்பரமா?

உண்மை. பிம்பத்தின் நீளமும் அகலமும் 0.71 மடங்காகச் சுருங்கினால் பரப்பு பாதியாகிவிடும். லென்ஸ் உள்ளே வாங்கிய வெளிச்சம் குறையவில்லை, ஆகவே அது பாதி இடத்தில் இரண்டு மடங்கு அடர்த்தியாக விழுகிறது. வெளிச்சம் இரண்டு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்போம்; இது சரியாக ஒரு ஸ்டாப். எஃப்2 லென்ஸ் எஃப்1.4 போல நடந்துகொள்ளும். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 1600 வைத்த இடத்தில் 800 போதும், அல்லது ஷட்டரை 1/60இல் இருந்து 1/125க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

பின்னணி மங்கலும் அப்படியே திரும்ப வருகிறது. 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ், ரெடியூசரோடு ஏபிஎஸ்-சி கேமராவில், ஃபுல் ஃப்ரேமில் (பிலிம் அளவே உள்ள 36×24 மி.மீ. சென்சாரில்) அதே லென்ஸ் எவ்வளவு மங்கல் தருமோ கிட்டத்தட்ட அவ்வளவு தரும். அதற்கு மேல் தராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரெடியூசர் போட்டால் ஃபுல் ஃப்ரேமையே மிஞ்சிவிடும் என்று சிலர் நம்பிக்கொண்டு வருகிறார்கள். கிராப் சென்சார் பறித்ததை ரெடியூசர் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

தத்துவம் பழையது. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் வெகு காலமாக எஃப்10 தொலைநோக்கியை எஃப்6.3 ஆக்கும் ரெடியூசரைப் பயன்படுத்துகிறார்கள். 1990களின் நடுவில் நிக்கானும் ஃபியூஜியும் சேர்ந்து செய்த நிக்கான் இ2 டிஜிட்டல் கேமராவுக்குள்ளேயே இப்படி ஒரு கண்ணாடித் தொகுதி இருந்தது. அதன் சென்சார் வெறும் 2/3 அங்குலம். ஆனாலும் நிக்கான் லென்ஸ் முழுக் கோணத்தையும் காட்டியது. ஆனால் உடல் பெரிதாகிப் போனது, எஃப்6.7ஐ விட அகலமான துவாரத்தின் பலனும் கிடைக்கவில்லை.

இன்று நாம் மாட்டுகிற வகை 2013 ஜனவரியில் வந்தது. லென்ஸ் வடிவமைப்பாளர் பிரையன் கால்ட்வெல் வடிவமைக்க, மெட்டாபோன்ஸ் நிறுவனம் 'ஸ்பீட் பூஸ்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எந்தக் கம்பெனியின் ரெடியூசரையும் இப்போது எல்லாரும் ஸ்பீட் பூஸ்டர் என்றே சொல்கிறோம்.

பழைய டிஎஸ்எல்ஆரில் இதை மாட்ட முடியாதா?

முடியாது. ரெடியூசர் உட்கார இடம் வேண்டும். டிஎஸ்எல்ஆரில் மிரர் எனும் கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டியிருப்பதால் மவுன்ட்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வாய்) பிலிம் அல்லது சென்சாருக்கும் 4 செ.மீ.க்கு மேல் தூரம் வைத்தார்கள்: நிக்கானில் 46.5 மி.மீ., எம்42 திருகு மவுன்ட்டில் 45.46, கேனன் இஎஃப்பில் 44. மிரர்லெஸ்ஸில் அந்த ஆடும் கண்ணாடி இல்லை. சோனி இ 18 மி.மீ., ஃபியூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16. மிச்சமாகிற 25, 30 மி.மீ. இடைவெளியில்தான் ரெடியூசர் உட்காருகிறது.

இதே காரணத்தால் லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் (ஆடும் மிரர் இல்லாத ஒரு கேமரா வகை) லென்ஸ்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் தூரமே 27.8 மி.மீ. தான், நடுவில் கண்ணாடி வைக்க இடம் கிடையாது. அவற்றை வெறும் அடாப்டரில் மாட்டுங்கள்.

என்னிடம் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் இருக்கிறது. எனக்கு ரெடியூசர் வேண்டுமா?

35 மி.மீ. பிலிமுக்காகச் செய்த லென்ஸ்களுக்கு வேண்டாம். வெறும் அடாப்டரே போதும், லென்ஸ் முழுவதும் கிடைக்கும். மமியா 645 போன்ற மீடியம் ஃபார்மட் (அதைவிடப் பெரிய பிலிமுக்கான) லென்ஸ் வைத்திருந்தால் மட்டும் அவற்றுக்கென்று உள்ள 0.7 மடங்கு ரெடியூசரைப் பாருங்கள்.

எந்த மவுன்ட்டுக்கான ரெடியூசர் வாங்குவது? ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒன்று வாங்கினால் கட்டுப்படியாகாதே?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். பலர் வாங்கிய பிறகு கேட்கிறார்கள்.

வெறும் அடாப்டர் விலை குறைவு, மவுன்ட்டுக்கு ஒன்று வாங்கிப் போடலாம். ரெடியூசர் அப்படியில்லை, விலை பல மடங்கு. ஆகவே ஒன்றே ஒன்று வாங்கி, அதை நான்கைந்து மவுன்ட்டுகளுக்குப் பொதுவாக்குவது புத்திசாலித்தனம். அதற்கு ஏற்றது கேனன் இஎஃப் மவுன்ட் ரெடியூசர். இஎஃப்பின் தூரம் 44 மி.மீ. அதைவிடக் கூடுதல் தூரம் உள்ள எந்த லென்ஸையும் ஒரு மெல்லிய வளையம் போட்டு இஎஃப்பாக மாற்றிவிடலாம். எம்42 (45.46), நிக்கான் எஃப் (46.5), ஒலிம்பஸ் ஓஎம் (46), யாஷிகா-கான்டாக்ஸ் (45.5) எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். வளையங்கள் மலிவு. ஒரு லென்ஸுக்கு ஒரு வளையம் என்று நிரந்தரமாக மாட்டியே வைத்துவிடலாம்.

இதில் சேராதவற்றில் பரவலானவை இரண்டு. கேனனின் சொந்தப் பழைய எஃப்டி மவுன்ட் 42 மி.மீ., மினோல்டாவின் பழைய எஸ்ஆர் மவுன்ட் 43.5 மி.மீ. இரண்டும் 44க்குக் குறைவு. அவற்றை இஎஃப் வளையத்தில் மாட்டினால் கிட்டத்தில் இருப்பது மட்டும் ஃபோகஸ் ஆகும்; தூரத்தில் இருப்பது ஆகவே ஆகாது. அவற்றுக்குத் தனி ரெடியூசர்தான். அதேபோல, நிக்கான் மவுன்ட் ரெடியூசர் வாங்கிவிட்டு எம்42 லென்ஸை அதில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். 45.46, 46.5ஐ விடக் குறைவு.

பென்டாக்ஸ் கே மவுன்ட் கணக்குப்படி பொருந்தும். ஆனால் அந்த லென்ஸ்களின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் நெம்புகோலும் அதைச் சுற்றியுள்ள விளிம்பும் சில ரெடியூசர்களின் கண்ணாடியில் இடிக்கும். நான் பெரியப்பாவின் பென்டாக்ஸ் லென்ஸுக்குத் தனியாக ஒரு கே மவுன்ட் ரெடியூசர் வைத்துக்கொண்டது இதனால்தான். எந்த லென்ஸாக இருந்தாலும் முதல் தடவை மாட்டும்போது மெதுவாகத் திருகுங்கள், உள்ளே ஏதாவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். 50 மி.மீ. எஃப்1.4 லென்ஸ்களில் பின்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டிக்கு (மிகத் தொலைவுக்கான குறிக்கு) திருப்பும்போது இன்னும் உள்ளே போகும். முதலில் கிட்டத்து ஃபோகஸில் வைத்து மாட்டி, பிறகு மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

எந்த லென்ஸில் ஆரம்பிக்கலாம்?

வீட்டில் ஏற்கெனவே இருப்பதில். நம் பக்கத்துப் பழைய ஸ்டூடியோக்காரர்கள் வீட்டுப் பீரோவில் பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3, ஜெனிட் போன்றவற்றில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கே1000 1976இல் இருந்து 1997 வரை விற்ற கேமரா. பெரியப்பாவிடம் இருந்தது அதுதான். கூடவே 50 மி.மீ. எஃப்2 லென்ஸ். மலிவான கிட் லென்ஸ் என்று யாரும் மதிக்காத கண்ணாடி அது. ரெடியூசரில் மாட்டினால் 35 மி.மீ. எஃப்1.4. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தபோது அந்த லென்ஸால்தான் அவரை எடுத்தேன். திரையைக் காட்டியதும், "டேய், இது நம்ம லென்ஸ்டா" என்றார். பேர் பார்த்துச் சொல்லவில்லை. பின்னணியில் தென்னை ஓலை மங்கியிருந்த விதத்தைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே தேடி வாங்குவதாக இருந்தால் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்2. சோவியத் யூனியனில் ஏராளமாகச் செய்தார்கள், மூலம் ஜெர்மனியின் ஜெய்ஸ் பயோடார். இதன் பின்னணி மங்கல் சுழலும். வேப்பமரமோ காகிதப்பூக் கொடியோ பின்னால் இருந்தால் இலைகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். இந்தச் சுழல் பிம்பத்தின் ஓரத்தில் இருப்பது. வெறும் அடாப்டரோடு ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டியவர்கள் "சொன்ன அளவுக்குச் சுழலவில்லையே" என்பார்கள். சுழல் சென்சாருக்கு வெளியே விழுந்துவிட்டது, அதுதான் காரணம். ரெடியூசர் போட்டு ரோமன் ரோலண்ட் தெருவில் ஒரு மஞ்சள் சுவர், அதன் மேல் வழியும் காகிதப்பூ, முன்னால் ஒரு முகம் என்று எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

படத்தின் தரம் குறையாதா? நடுவில் கூடுதலாகக் கண்ணாடி வைக்கிறோமே?

நியாயமான பயம். 2 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டுப் படம் கெட்ட அனுபவம் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் வரும். டெலிகன்வெர்ட்டர் பிம்பத்தைப் பெரிதாக்குகிறது, கூடவே லென்ஸின் குறைகளையும் பெரிதாக்குகிறது. ரெடியூசர் சுருக்குகிறது, குறைகளும் சேர்ந்தே சுருங்குகின்றன. அதனால் நல்ல ரெடியூசரில் படத்தின் நடுப்பகுதி வெறும் அடாப்டரில் வருவதைவிடக் கூர்மையாகவே வரும்.

ஓரங்கள் வேறு கதை. மூலைகளில் கொஞ்சம் இழுபட்டது போலத் தெரியும், மலிவான ரெடியூசரில் நன்றாகவே தெரியும். லென்ஸை எஃப்4 குறிக்கு மூடினால் பெருமளவு சரியாகும். முகங்கள் எடுக்கும்போது மூலையை யாரும் பார்ப்பதில்லை. பழைய பிரெஞ்சுக் கட்டடத்தின் முகப்பை நேராக நின்று எடுக்கிறீர்கள் என்றால் பார்ப்பார்கள்; அந்த வேலைக்கு இதை எடுத்துப் போகாதீர்கள்.

இன்னொரு குறை நம் ஊரில் அடிக்கடி தலைகாட்டும். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் கடற்கரையில் நின்றால் சூரியன் நேராக லென்ஸுக்குள் வரும். ஆரம்பகால மலிவு ரெடியூசர்களில், துவாரத்தை மிகவும் மூடி எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் படத்தின் நடுவில் நீலமாக ஒரு வட்டம் விழும். சென்சாரில் பட்ட வெளிச்சம் ரெடியூசர் கண்ணாடியில் எதிரொளித்துத் திரும்பி வருவதால் வருவது அது. வாங்கும் முன் சூரியனையோ தெருவிளக்கையோ பார்த்து எஃப்11இல் ஒரு படம் எடுத்துச் சோதியுங்கள். வட்டம் வந்தால் அந்த ரெடியூசரை எஃப்5.6க்கு மேல் மூடாமல் பயன்படுத்த வேண்டியிருக்கும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி எடுக்கும்போது சூரியன், நீர், வெள்ளி நகை எல்லாம் சேர்ந்து கண்ணில் அடிக்கும். அன்றைக்கு இந்த வட்டத்தால் ஒரு காலை முழுக்க எடுத்தவற்றை இழந்தேன். பிறகுதான் ரெடியூசரை மாற்றினேன்.

மாட்டிவிட்டேன், கேமரா படமே எடுக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியவில்லை. மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் எடுக்க அனுமதி' என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். மோடை அபர்ச்சர் பிரயாரிட்டியில் வையுங்கள். துவாரத்தை நீங்கள் லென்ஸில் திருப்புவீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

கேமராவுக்குள் நடுக்கத் தடுப்பு இருந்தால் ஃபோகல் லெங்க்த் எவ்வளவு என்று கேட்கும். அங்கே சுருங்கிய எண்ணைக் கொடுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 35. நிறையப் பேர் 50 என்றே வைத்துவிட்டு, படம் ஆடுகிறது என்று சொல்வார்கள். சென்சார் தேவைக்கு மேல் அசைந்து, தானே படத்தை ஆட்டிவிடும்.

கையால் ஃபோகஸ் செய்ய வருமா? என் கண் அவ்வளவு கூர்மை இல்லை.

வரும். ஃபோகஸ் பீக்கிங்கை ஆன் செய்தால் ஃபோகஸில் இருக்கும் விளிம்புகள் நிறம் மாறிக் காட்டும். ஆனால் எஃப்1.4இல் பீக்கிங்கை முழுதாக நம்பாதீர்கள். மூக்கும் மின்னும், கண்ணும் மின்னும். நான் பீக்கிங்கைப் பார்த்துத் தோராயமாகக் கொண்டுவந்துவிட்டு, திரையைப் பெரிதாக்கும் பட்டனை அழுத்திக் கண் இமை முடியைப் பார்த்து முடிப்பேன். இரண்டு வாரம் தினமும் பழகினால் விரல் தானாகப் போகும். சில்வர் பீச்சில் பட்டம் விடுகிற பையன்களை எடுத்துப் பழகியவன் நான், அதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது.

தூரத்தில் இருப்பது ஃபோகஸே ஆகவில்லை. ரெடியூசர் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை, அளவு சரிசெய்ய வேண்டும். என் முதல் ரெடியூசர் இணையத்தில் வாங்கியது. பெட்டியில் இருந்து எடுத்து மாட்டினால் 20 அடிக்கு அப்பால் எல்லாம் பஞ்சு போல இருந்தது. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன், லென்ஸ்தான் சரியில்லை என்று பதில் வந்தது. லென்ஸில் கோளாறே இல்லை. ரெடியூசரின் கண்ணாடித் தொகுதி அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது.

பல ரெடியூசர்களில் இந்தக் கண்ணாடித் தொகுதி திருகு மரையில் உட்கார்ந்திருக்கும், பக்கவாட்டில் ஒரு நுண்ணிய திருகாணி அதைப் பூட்டிப் பிடித்திருக்கும். திருகாணியைத் தளர்த்தினால் தொகுதியைச் சுற்றி முன்னும் பின்னும் நகர்த்தலாம். தூரம் எட்டவில்லை என்றால் தொகுதி கேமரா பக்கம் நகர வேண்டும். இன்ஃபினிட்டி குறிக்கு முன்பே தூரத்துப் பொருள் கூர்மையாகி, குறியில் வைத்தால் மங்குகிறது என்றால் லென்ஸ் பக்கம் நகர வேண்டும். தொகுதி 1 மி.மீ. நகர்ந்தால் பிம்பம் ஏறக்குறைய அரை மி.மீ. நகரும். அரை மி.மீ. என்பது இந்த விஷயத்தில் மிகப் பெரிய தூரம், ஆகவே கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்த்துப் பார்த்துப் போங்கள்.

சோதிக்க நல்ல பொருள் நிலா. அது இல்லாத இரவில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து அடிவானத்தில் நிற்கும் கப்பலின் விளக்கைப் பாருங்கள். லென்ஸைத் துவாரம் முழுக்கத் திறந்து இன்ஃபினிட்டி குறியில் வைத்து, திரையைப் பெரிதாக்கி, விளக்கு புள்ளியாகச் சுருங்கும் வரை திருத்துங்கள். முடிந்ததும் திருகாணியை இறுக்க மறக்காதீர்கள். கேமரா பக்கம் நகர்த்தியிருந்தால், மாட்டும்போது தொகுதியின் பின்முனை ஷட்டர் பக்கம் எதையும் தொடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்42 லென்ஸில் துவார வளையத்தைத் திருப்பினாலும் உள்ளே பிளேடு அசையவில்லையே?

லென்ஸின் பின்னால் ஒரு சின்ன ஊசி இருக்கும், அது அழுந்தினால்தான் பிளேடு மூடும். லென்ஸில் ஏ-எம் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் எம்மில் வையுங்கள். இல்லாவிட்டால் ஊசியை அழுத்தும் உள்விளிம்பு கொண்ட வளையமாகப் பார்த்து வாங்குங்கள். ஹீலியோஸ் 44-2இல் இந்தத் தொல்லை கிடையாது, அதில் ஊசியே இல்லை.

நம் கடற்கரைக் காற்றில் இவை தாங்குமா?

தாங்கும், நாம் பார்த்துக்கொண்டால். ரெடியூசர் எந்தக் கம்பெனி என்பதைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் லென்ஸைக் கொல்வது ஃபங்கஸ்தான். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அது வளரத் தொடங்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அது நாள் முழுக்கத் தாண்டியே இருக்கும்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. ஸ்டூடியோவின் ஓட்டுக்கூரை ஒரு பக்கம் போய்விட்டது. மரங்களும் கம்பங்களும் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் மின்சாரம் எப்போது வரும் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. லென்ஸ் நினைப்பு யாருக்கும் வரவில்லை. மழையில் நனையாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரியப்பா எல்லாவற்றையும் தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சில மாதம் கழித்துத் திறந்தால் மூன்று லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஃபங்கஸ். தோல் ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியாது. சுத்தம் செய்யச் சென்னையில் ஓரிடத்தில் கொடுத்தோம். ஃபங்கஸ் போனது, ஒரு லென்ஸின் பூச்சும் சேர்ந்து போனது. அந்த லென்ஸ் இன்றும் எதிர்வெளிச்சத்தில் பால் ஊற்றியது போலத்தான் எடுக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தோல் உறையை நினைவுக்கு வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், லென்ஸை அதில் வைக்காதீர்கள். வசதி இருந்தால் மின்சார டிரை கேபினெட் வாங்கி 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றி மறுபடி போடலாம். மீட்டர் 30க்குக் கீழே போக வேண்டாம், அதிகம் காய்ந்தாலும் நல்லதில்லை. அரிசிப் பானையில் புதைக்கும் யோசனையை விடுங்கள், மாவுத் தூசிதான் உள்ளே போகும்.

ரெடியூசரையும் அதே டப்பாவில் வையுங்கள். அதற்குள்ளும் கண்ணாடிதான், அதற்கும் ஃபங்கஸ் வரும். பலர் அதை மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறார்கள். கடற்கரையில் இருந்து திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் உலோகப் பாகங்களை, குறிப்பாக மவுன்ட் வளையத்தைத் துடைத்து, காயவிட்டு வையுங்கள். உப்பு மவுன்ட்டில் படிந்தால் ரெடியூசரும் லென்ஸும் பிரிய மறுக்கும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

ஃபங்கஸ் இருக்கும் லென்ஸை மலிவாகக் கொடுத்தால் வாங்கலாமா?

ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி என்றால் படத்தில் தெரியாது, வாங்கலாம், ஆனால் சுத்தம் செய்யும் வரை மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். நடுவில் வலைபோலப் பரவியிருந்தால் வேண்டாம். செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும். பிளேடில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, ஃபோகஸ் வளையம் மணல் அரைப்பது போல இருக்கிறதா என்றும் பாருங்கள். மணல் சத்தம் வந்தால் அது கடற்கரை லென்ஸ்.

லென்ஸ் கண்ணாடி மஞ்சளாக இருக்கிறது. கெட்டுப்போனதா?

சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்1.4 வகையின் ஏழு கண்ணாடி மாடல் போன்ற சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வயதானால் மஞ்சளாகும். சில நாள் காலை வெயிலில் வைத்தால் புற ஊதாக் கதிர் பட்டு வெகுவாகத் தெளியும். வெயிலில் வைக்கும்போது லென்ஸ் தாளையோ துணியையோ பற்ற வைத்துவிடும், பின்பக்கம் அலுமினியத் தாளைச் சுற்றி வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள்.

கல்யாண வேலைக்கு எடுத்துப் போகலாமா?

எடுத்துப் போகலாம், முகூர்த்தத்துக்கு மட்டும் வேண்டாம். தாலி கட்டுகிற நேரம் சில நொடிதான், அட்சதை பறக்கும், மாமனார் குறுக்கே வருவார், மாப்பிள்ளை குனிவார். அங்கே ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்தான் மாட்டியிருக்க வேண்டும். அவர்கள் காசு கொடுத்து நம்பியிருக்கிறார்கள்.

பழைய லென்ஸை நான் எடுப்பது இரண்டு நேரத்தில். காலையில் பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறையில். ஜன்னல் வெளிச்சம், நெருக்கமான இடம், யாருக்கும் அவசரம் இல்லை. அப்புறம் பந்தி முடிந்து பெரியவர்கள் நாற்காலி போட்டு வெற்றிலை போடும் நேரத்தில். தாத்தா பாட்டிகளின் முகச் சுருக்கத்தைப் பழைய கண்ணாடி மென்மையாக வாங்கும், புதிய லென்ஸ் கணக்கெடுப்பது போல வாங்கும். வீட்டுக்காரர்கள் ஃபிரேம் போட்டு மாட்டக் கேட்பது பெரும்பாலும் இந்தப் படங்களைத்தான்.

வீடியோவுக்கு உதவுமா?

புகைப்படத்தைவிட வீடியோவுக்குத்தான் அதிகம் உதவும். வீடியோவில் ஷட்டரை இஷ்டத்துக்கு இறக்க முடியாது, 1/50இலேயே நிற்க வேண்டும். ராத்திரி தெருக்கூத்தில் நாலு விளக்கு வெளிச்சத்தில் அந்த ஒரு ஸ்டாப் கையில் இருந்தால், கட்டியங்காரன் இருட்டுப் பக்கம் ஒதுங்கினாலும் முகம் கிடைக்கும். பல கேமராக்கள் 4கே எடுக்கும்போது பிம்பத்தை இன்னும் வெட்டும், அந்த இழப்பையும் ரெடியூசர் ஓரளவு ஈடுகட்டும்.

நம் பக்கத்தில் லென்ஸ் எங்கே கிடைக்கும்?

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறு சந்தை கூடுகிறது. பழைய பொருள் பரப்புபவர்களிடம் எப்போதாவது கேமரா வரும், காலையிலேயே போக வேண்டும். மூடிய ஸ்டூடியோக்களின் குடும்பங்களைக் கேளுங்கள். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி எங்கும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. கேட்கும்போது விலை பேசுவதற்கு முன் அந்த லென்ஸில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், எடுத்துக் காட்டுவார்கள். புதுச்சேரியில் பிரான்சில் உறவு இல்லாத தெரு குறைவு. லீவுக்கு வரும் மாமாவிடமோ அத்தையிடமோ சொல்லி வைத்தால் அங்கே தெருச் சந்தைகளில் எம்42 லென்ஸ் பார்த்து வாங்கி வருவார்கள். என் ஹீலியோஸ் அப்படி வந்ததுதான், சாக்லேட் பெட்டிக்குள் சுற்றி.

எந்த லென்ஸில் எடுத்தேன் என்பது படத்தில் பதிவாகவில்லையே?

ஆகாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு தடவையும் முதல் படமாக லென்ஸின் பெயர் எழுதிய முன்வளையத்தைச் செல்போனில் ஒன்று எடுத்துவிடுவேன். நேரத்தை வைத்து வீட்டில் பிரித்துக்கொள்ளலாம். செல்போன் நேரமும் கேமரா நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் கிளம்பும் முன் பாருங்கள்.